முதுகில் விழும் வெயில்

சிவமயம்

கொக்கட்டிச்சோலை
15.02.2004

அன்பான ஹேசல் தங்கச்சிக்கு,

பக்கத்துக் கட்டில்காரி எழுதுகிறேன். பித்தப்பைக் கல்லுக்கு வெட்டி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அருகில் கிடந்த சீதேவிப்பிள்ளை. ஆண்டவன் கிருபையால் நடமாடுகிறேன். உங்கள் காயம் ஆறிவிட்டதா? வாளி தூக்கவேண்டாம் என்று டொக்டர் சொன்னதை நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் நீங்கள் தலையணையில் சாய்ந்து படம் கீறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இது எந்தச் சாமி?" என்று கேட்டேன். தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "சாமி இல்லக்கா, வெள்ளாமை வெட்டுற பொம்புளைகள்" என்றீர்கள். வெள்ளாமை வெட்டுகிறவர்களை எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் படமாகக் கீறுவார், அதைப் புத்தகத்தில் அச்சடிப்பார்கள், அதைப் பார்த்து மட்டக்களப்பில் ஒரு பெண் திரும்பக் கீறுவாள் என்பது எனக்குப் புதினம். நான் அதுவரை கீறியது கோலமும், தலையணை உறைக்குப் பூவும், எங்கள் சுவாமி அறைக்கு ஒரு முருகனும்தான்.

உங்கள் அப்பாவின் புத்தகத்திலிருந்து கழன்ற தாள்களை எனக்குத் தந்தீர்களே, அதில் முதலாவதைப் பார்த்துக் கீறியிருக்கிறேன். அறுத்த வயலில் மூன்று பெண்கள் கட்டுக் கட்டும் படம். தூரத்தில் ஒரு கிழவன், அவனுக்கும் பின்னால் ஒரு சேர்ச். நடுவில் நிற்பவளின் சட்டை முழங்கையில் கிழிந்து தைத்திருக்கிறது. தைத்த நூல் வேறு நிறம். அந்த மனுசன் அதைக் கண்டிருக்கிறான், கண்டும் மறைக்கவில்லை. ஏழையைக் கீறியிருக்கிறான், ஆனால் அவளுக்காக யாரிடமும் கை நீட்டவில்லை. சாமி இல்லாத படத்தில் இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் திருத்தினேன். அந்தப் படத்தில் ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள், மற்றவள் குனிந்து முகத்தை மறைக்கிறாள். படம் என்று கீறிவிட்டு ஆளின் முகத்தை மறைப்பது என்ன முறை? மூன்று பேரையும் நம் பக்கம் திருப்பிவிட்டேன். கிழவனுக்கும் கண் வைத்தேன். கண்களை மட்டும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகுதான் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் வல்லிபுரம் பார்த்துவிட்டு, "என்ன கா, எல்லாரும் வேலைய வுட்டுட்டு ஒன்னையே பாக்குறாளுகள்? கூலி குடுக்கலியா?" என்றார். அவருக்கு இதெல்லாம் விளங்காது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் மண்முனைத் துறைக்கு வந்து பாதைப் படகுக்குப் பலகை மாற்றுகிறார் என்று வல்லிபுரம் சொன்னார். ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவி கடக்கும் அந்தத் தட்டைப் படகு நின்றால் எங்கள் படுவான்கரைக்கு மண்ணெண்ணெய் கூட வராது. அதைப் பழுதுபார்க்கிற ஓடாவி உங்கள் பேர்டிதான் என்று தெரியாமல் இவ்வளவு காலம் அதில் போய் வந்திருக்கிறேன். படச்சுருளை வல்லிபுரம் அவர் கையில் கொடுப்பார்.

நீங்கள் தந்த வர்ணங்களில் நீலம் முக்கால் குழாய் மிச்சம். மஞ்சள் தீரப்போகிறது. சிவப்பைத் தொடவில்லை.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை


மாதாவே துணை

டச்பார், மட்டக்களப்பு
03.03.2004

அன்புள்ள சீதேவி அக்கா,

முதலில் பேர்டி சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று நச்சரிப்பார். துறையில் ஆமிக்காரன் உங்கள் சுருளைப் பிரித்து நெடுநேரம் பார்த்தானாம். பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பித் தந்தானாம். பேர்டி சொல்கிறார்: "ஒங்கட சீதேவி அக்காட ஆக்கள் எல்லாரும் ஐடென்டி காட்டைக் காட்ட லைன்ல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. அவனுக்கு அதான் புடிச்சிருக்கும்."

கோபிக்கவேண்டாம். நானும் சிரித்தேன், பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தேன். அக்கா, அந்தக் கட்டுகளின் பாரம் உங்கள் தாளில் தெரிகிறது. தூக்கினால் இடுப்பு நோகும் போல இருக்கிறது. நான் கலியாணத்துக்கு முந்தியே கீறத் தொடங்கினவள், என் வைக்கோல் இன்றைக்கும் தலைமயிர் மாதிரித்தான் வருகிறது.

எனக்கும் யாரும் படிப்பித்ததில்லை, பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். சமதரையில் நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரத்து ஆக்கள் எல்லாருடைய தலையும் வானமும் தரையும் தொடும் கோட்டில்தான் இருக்கும். கிட்ட நிற்பவளுக்கும் தூர நிற்பவனுக்கும் தலை ஒரே மட்டம், கால்தான் மேலே ஏறும். நீங்கள் நடுவில் நிற்பவளை நல்லவள் என்று நினைத்து மற்றவர்களைவிடப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். கோயில் படத்தில் சரி. வயலில் மரியாதை பார்த்து ஆளைப் பெருப்பிக்கக்கூடாது, தூரம் பார்த்துச் சிறுப்பிக்கவேண்டும்.

காலடியில் நிழல் வையுங்கள், இல்லாவிட்டால் பறப்பார்கள். தூரத்து ஆளுக்குக் கண்ணே வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் வயலிலிருந்து வரும்போது கண்ணைப் பார்த்தா அவர்தான் என்று அறிகிறீர்கள்?

முதுகைத் திருப்பாதீர்கள், அக்கா. அது அந்த மனுசன் வேண்டுமென்று செய்தது.

மஞ்சளும், ஒரு நல்ல தூரிகையும் அனுப்புகிறேன். நீலம் எவ்வளவு மிச்சம் என்று சங்கக்கடை மனேச்சர் மாதிரி எழுதுகிறீர்களே, அதை வாசித்துத்தான் பேர்டி உங்கள் மேல் மரியாதை வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஹேசல்


சிவமயம்

கொக்கட்டிச்சோலை
22.09.2004

அன்பான ஹேசல்,

பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் கோபம். நீங்கள் சொன்னது ஒன்றும் என் மனதில் இறங்கவில்லை. எங்களிடத்தில் சுவாமிக்குக் கண் கடைசியாகத்தான் திறப்பது. திறந்த பிறகுதான் அது சுவாமி, அதுவரை வெறும் வர்ணம். என்றாலும் நீங்கள் சொன்னபடி இன்னொரு தரம் கீறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி, அதில் நான் கண் வைக்காமல் விட்ட கிழவனைக் கண்டுவிட்டு, "கண்ணில்லாத ஆக்கள வீட்டுல தொங்கவிடாத கா, கூடாது" என்றாள். கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

பிறகு எங்கள் தான்தோன்றீஸ்வரர் தேர் வந்தது. ஒவ்வொரு வருடமும் நான் சுவாமியைத்தான் பார்ப்பேன். இந்தமுறை, அவர் என்னைப் பொறுக்கட்டும், வடம் இழுக்கும் ஆக்களைப் பார்த்தேன். தேரோடு ஒட்டி நடந்தேன். முன்னால் போகும் அத்தனை பேரும் முதுகைக் காட்டித்தான் இழுக்கிறார்கள். எனக்கு மட்டுமில்லை, தேரில் இருக்கும் சுவாமிக்கும் முதுகுதான். வருடத்தில் ஒரு நாள் வெளியே வந்து வீதி பார்க்கிற ஈசன் காண்பது அடியார்களின் முதுகை. வேர்த்த முதுகு, வடம் வெட்டின தோள், அவிழ்ந்த குடுமி. அவர் அதைக் குறையாக எடுக்கவில்லை. அவர் எடுக்காததை நான் எடுக்கலாமா?

வீட்டுக்கு வந்து, கால் கழுவி, அந்த வயல் படத்தை மறுபடி தொடங்கினேன். இந்தமுறை ஒருத்தியையும் திருப்பவில்லை. முதுகைக் கீறும்போதுதான் தெரிந்தது, அந்த மனுசன் எவ்வளவு பெரியவன் என்று. கழுத்து எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதில் எவ்வளவு நேரமாகக் குனிந்திருக்கிறாள் என்பது தெரிகிறது. சட்டை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதில் எந்தக் கை சளைத்தது என்பது தெரிகிறது. முகம் வைத்திருந்தால் நான் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு எங்கள் வட்டை வயலையே கீறிப் பார்த்தேன். ஆக்களை உங்கள் படத்திலிருந்து எடுத்தேன், வயலை ஜன்னலால் பார்த்து எடுத்தேன். வல்லிபுரம் பார்த்துவிட்டு, "இதென்ன, வயலுக்கு உச்சி வெயில், ஆக்களுக்குப் பின்னேர வெயிலா?" என்றார். நிழலையும் ஆக்களோடு சேர்த்துக் கொப்பி பண்ணிவிட்டேன். வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு ஆளை ஒரு இடத்தில் நிறுத்தவேண்டும். இதை அவர் சொல்லி நான் கேட்கவேண்டி வந்தது.

அடுத்ததாக ஆற்றில் தோணி போகும் தாளை எடுத்திருக்கிறேன். தண்ணீர் எனக்கு இன்னும் வசப்படவில்லை. உங்கள் நத்தார்ப் பெருநாளுக்கு முன்பு முடித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை


கொக்கட்டிச்சோலை
04.01.2005

ஹேசல் தங்கச்சி,

இது உங்கள் கையில் சேருமா என்று தெரியாது. கடல் வந்தது என்று கேட்டதிலிருந்து வல்லிபுரம் இரண்டு தரம் துறை கடந்து போய்விட்டார். டச்பாரில் வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருக்கிறது என்று வந்து சொன்னார். யாரோ ஒருவர், தாயையும் மகளையும் பள்ளிக்கூட முகாமில் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பேர்டியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

காத்தான்குடி இப்றாஹிம் காக்கா முகாம்களுக்குச் சாமான் கொண்டுபோகிறார். அவர் கையில் இதையும், இரண்டு சேலையும், மகள் தானியாவுக்குச் சட்டையும் கொடுத்துவிடுகிறேன். அளவு பிழையென்றால் யாருக்காவது கொடுங்கள்.

ஒரு வரி போதும். எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லிவிடுங்கள்.

சீதேவிப்பிள்ளை


பள்ளிக்கூட முகாம், மட்டக்களப்பு
20.03.2005

அன்புள்ள சீதேவி அக்கா,

சேலை கிடைத்தது. தானியாவுக்குச் சட்டை சரியான அளவு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் தானியாவும் காலைப் பூசைக்குப் போனோம். நத்தார்க் களைப்பு, நான் பிறகு வாறன் என்று பேர்டி படுத்துவிட்டார். அவ்வளவுதான். அவரை எடுத்தவர்கள் மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் பண்ணிவிட்டார்கள். மோதிரத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று சுவாமியார் சொன்னார், நானும் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும்.

அக்கா, எங்களிடம் ஒரு போட்டோ இல்லை. கலியாண அல்பம், தானியாவின் ஞானஸ்நானப் படம், எல்லாம் போய்விட்டன. அவருடைய சொந்தக்காரர்களும் அதே வீதியில்தான் இருந்தார்கள், அவர்களிடமும் ஒன்றுமில்லை. தானியாவுக்கு இப்போதுதான் ஆறு வயது. நேற்று, "டடாவுக்கு மீசை இருந்ததா?" என்று கேட்டாள். இருந்தது என்று உடனே சொன்னேன். சொல்லிவிட்டு, எப்படிப்பட்ட மீசை என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை.

நிவாரணத்தில் வந்த கொப்பியில் கீறிப் பார்த்தேன். எத்தனை தரம் கீறினாலும் அது புத்தகத்தில் இருந்த தோணிக்காரனின் முகமாகத்தான் வருகிறது. இவ்வளவு காலம் பிறர் கீறின ஆக்களையே கீறினேன், இப்போது என் கைக்கு என் புருஷனைத் தெரியவில்லை.

நீங்கள் அவரைக் கண்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கண்டிருக்கிறீர்கள், துறையில் கண்டிருக்கிறீர்கள். நீங்கள் எதைப் பார்த்தாலும் கவனமாகப் பார்க்கிறவர். அவரை எனக்குக் கீறித் தாருங்கள். தானியா மறப்பதற்கு முன்பு வேண்டும்.

ஹேசல்


சிவமயம்

கொக்கட்டிச்சோலை
11.05.2005

அன்பான ஹேசல்,

உங்கள் கடிதத்தைச் சுவாமிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பொய் சொல்லக்கூடாது.

நான் பேர்டியின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்துவிடுவேன். பிற ஆம்பிளை முன்னால் சுகமில்லாமல் கிடப்பது எனக்குக் கூச்சம். உங்கள் இருவரின் சிரிப்பும் கேட்கும். துறையில் அவர் காலையில் எங்கள் கரைக்கு வருவார். உதிக்கிற சூரியன் அவருக்குப் பின்னால், எங்கள் கண்ணுக்கு நேரே. பாதையில் வரும் எல்லாரும் கரியாகத்தான் தெரிவார்கள். கரைக்கு வந்த பிறகு வல்லிபுரம் போய்ப் பேசுவார், நான் பனைக்குப் பக்கத்தில் நிற்பேன்.

கேட்டதைக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையில் ஒரு முகத்தைக் கீறிப் பார்த்தேன். லட்சணமாக வந்தது. அது யாரோ ஒருவருடைய முகம். அதை அனுப்பினால் தானியா அதைத்தான் அப்பா என்று வாழ்நாள் முழுக்க வைத்திருப்பாள் என்று நினைத்தேன். கிழித்துவிட்டேன்.

என்னால் முடிந்தது, தூரத்தில் நிற்கும் ஒரு ஆள். முகம் இல்லாமல். அது போதுமென்றால் முயன்று பார்க்கிறேன். போதாதென்றால் என்னை மன்னிக்கவேண்டும்.

சீதேவிப்பிள்ளை


பள்ளிக்கூட முகாம்
02.06.2005

சீதேவி அக்கா,

முகம் இல்லாத ஆளைக் கடலே எனக்குத் தந்துவிட்டது. இன்னொன்று எனக்கு வேண்டாம்.

நீங்கள் பக்தி உள்ளவர், பொய் சொல்லமாட்டீர்கள். பெருமையான விசயம்தான். ஒரு பிள்ளைக்காக ஒரு முகத்தைக் கற்பனை பண்ணினால் உங்கள் சாமி கோபிப்பாரா? நீங்கள் போர்வைக்குள் கிறுகிப் படுத்த நேரம் ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அண்ணன் கொலின் திருகோணமலைக்கு வரச்சொல்கிறார். அவருக்கு அங்கே வேலை. போகிறோம். உங்களிடம் இருக்கும் அப்பாவின் தாள்களை நீங்களே வைத்திருங்கள். நான் இனிக் கீறமாட்டேன்.

ஹேசல்


சிவமயம்

எழுவான்கரை முகாம்
19.04.2007

அன்பான ஹேசல்,

இரண்டு வருடம் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. இப்றாஹிம் காக்கா உங்கள் அண்ணன் கொலினின் விலாசத்தைத் தேடித் தந்தார், அதனால் எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கி, பங்குனியில் எல்லாரும் வாவி கடந்தோம். வல்லிபுரம் என்னோடு இருக்கிறார். மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தோம். கூடாரம், வரிசை, தண்ணீர் பவுசர். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் முதல் தரமாகப் பின்னேரங்களில் எழுவான்கரையில் நின்று எங்கள் கரையைப் பார்க்கிறேன். சூரியன் எங்கள் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. பிந்தி வருகிறவர்கள் தோணிகளில் வருகிறார்கள். அத்தனை பேரும் கரி. இங்கே கரை நிறையப் பெண்கள், தங்கள் ஆக்கள் வருகிறார்களா என்று பார்த்தபடி.

என் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்தினம்மாவின் புருஷன் கடைசியாக வந்தார். தோணி நடு வாவியில், ஆக்கள் விரல் அளவு. இவள் எழும்பினாள். "அந்தா, எங்கட ஆள்" என்றாள். நான், "ஒனக்கு என்னண்டு தெரியும்? முகம் தெரியலியே" என்றேன். "முகத்தப் பாத்தா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினன்? அந்தக் கூனலப் பாருகா, மூட்டையக் கீழ வைக்கமாட்டாத மனுசன்" என்று ஏசிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அவர்தான்.

அன்று முழுவதும் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. உங்களுக்கு முகம் இல்லாத ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டேனே, அது பிழை. யாருமில்லாத ஆள் என்று நீங்கள் விளங்கியிருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் என்று நினைத்தேன். பேர்டி காலையில் வருவதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னேரம் திரும்பிப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது சூரியன் எங்கள் பக்கம். அவர் முதுகில் முழு வெயில்.

வீடு திரும்பக் கிடைத்தால் அதைக் கீறுவேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கீறுவேன்.

சீதேவிப்பிள்ளை


சிவமயம்

கொக்கட்டிச்சோலை
08.03.2009

அன்பான ஹேசல்,

இத்துடன் ஒரு படம் வருகிறது. தபாலில் நசுங்காமல் இருக்க வல்லிபுரம் பிவிசி குழாய்க்குள் வைத்து அடைத்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை. உங்கள் அப்பாவின் தாள்கள் மழையில் கூழாகிக் கிடந்தன. அவற்றைக் காப்பாற்றாததற்கு மன்னியுங்கள். ஆனால் பார்த்துக் கீற ஒன்றும் இல்லாமல் போனதால் நான் துறைக்குப் போகவேண்டியதாயிற்று. வீட்டு வேலை முடித்துப் பின்னேரம் போய் உட்காருவேன். ஆமிச் சென்றியில் நிற்கும் பொடியன்கள் முதலில் விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அன்னப்பூரணி மட்டும் விடவில்லை. "என்னகா, ஆத்தப் பாத்தபடி தவமிருக்காய்? வரம் எதும் தந்திச்சா?" என்பாள்.

புத்தகத்தில் இருந்த தோணிக்காரன் இடுப்பை வளைத்து நிற்பான். பார்க்க அழகு. எங்கள் ஆக்கள் ஒருவரும் அப்படி நிற்பதில்லை. பாதையில் ஏறினால் பெண்கள் நடுவில் ஒதுங்குவார்கள். சைக்கிள்காரன் சைக்கிளில் சாய்வான். மீன்காரி கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொள்வாள். ஆனால் அந்தப் படங்களைக் கீறின பழைய மனுசன் எனக்குப் பழக்கினது இதையெல்லாம் பார்க்கத்தான். அவனுடைய ஆக்கள் போய்விட்டார்கள், அவனுடைய கண்ணை எனக்குத் தந்துவிட்டுப் போனான். தினமும் விளக்கேற்றும்போது அவனுக்காகவும் கும்பிடுகிறேன். பெயர் தெரியாது, ஈசனுக்குத் தெரியும்.

வெயில் சரியான பக்கத்திலிருந்து வருகிறது. தண்ணீரில் வெற்றி பெற்றேன் என்று சொல்லமாட்டேன். ஒருவருக்கும் கண் இல்லை. எல்லாரும் உங்கள் கரையைப் பார்த்து நிற்கிறார்கள்.

அவர் எங்கே நிற்கிறார் என்று நான் எழுதவில்லை. எழுதித்தான் தெரியவேண்டும் என்றால் நான் தோற்றுவிட்டேன், படத்தை அடுப்பில் வையுங்கள். ஒன்றும் நினைக்கமாட்டேன்.

சீதேவிப்பிள்ளை


மாதாவே துணை

திருகோணமலை
14.06.2009

அன்புள்ள சீதேவி அக்கா,

குழாய் வந்து மூன்று மாதமாகிவிட்டது. ஒரு மாதம் நான் அதைத் திறக்கவில்லை. கொலின் அண்ணன் தண்ணீர்க் குழாய் என்று நினைத்து வெட்டப் போனார், அப்போதுதான் பறித்துத் திறந்தேன்.

மேசையில் விரித்து நாலு மூலையிலும் கோப்பை வைத்தேன். கரை, தண்ணீர், அந்தப் பாதை, வெயில் முதுகில் விழுந்த ஒரு கூட்டம் சனம். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று. முதலில் சைக்கிள்காரனைப் பார்த்தேன், இல்லை. தொப்பிக்காரனைப் பார்த்தேன், இல்லை.

தானியா பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப் பையையும் கழற்றாமல், மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பத்து வயது. படத்தைப் பற்றி நான் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. விளிம்பில் தனியே நிற்பவர் மேல் விரலை வைத்தாள். "டடா என்னத்துக்குக் கால இப்புடித் தூக்கிட்டு நிக்கிறார்?" என்றாள்.

நான் பார்த்தேன். ஒரு குதிக்காலைக் கொஞ்சம் தூக்கி, நிற்கிற பலகையை அழுத்திப் பார்க்கிறார். நல்ல பலகையா, உக்கினதா என்று. அக்கா, சேர்ச்சில் முழந்தாளிட்டு எழும்பினால் அங்கேயும் அப்படித்தான் அழுத்திப் பார்ப்பார். அடுத்தவன் வீட்டு விறாந்தையிலும் அப்படித்தான். செருப்பு ஒரு பக்கம் தேயுது என்று நான் ஏசாத நாள் இல்லை. அது இவ்வளவு காலம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அந்தக் காலைப் பார்த்தவுடன் மற்றதெல்லாம் வரத் தொடங்கிவிட்டது. மீசை மேல் உதட்டை முழுக்க மூடாது, ஓரத்தில் தேத்தண்ணி நிறம். தானியாவுக்குச் சொன்னேன். நீங்கள் வைக்காததை நான் வைத்துக்கொண்டேன்.

எழுதின கடிதத்தைத் திருப்பி எடுக்க முடியாது. முகாமிலிருந்து நான் எழுதினதை நீங்கள் மறந்துவிடுங்கள்.

குறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் ஹேசல் இல்லை. தண்ணீர் நீலம் கூடிவிட்டது, பின்னேரத்தில் வாவி அவ்வளவு நீலமா? பாதைக் கயிறு தொய்யவேண்டும், நீங்கள் கொடிக்கம்பி மாதிரி இழுத்திருக்கிறீர்கள். மற்றதில் கை வைக்க எனக்குத் தகுதி இல்லை. அந்த மீன்காரியின் கழுத்தைப் பார்த்தால் நாள் எப்படிப் போனது என்று தெரிகிறது. அப்பாவின் புத்தகத்தில் இருந்திருந்தால் அதையும் நான் கழற்றிக் கொப்பி பண்ணியிருப்பேன்.

பண்ணியுமிருக்கிறேன். கீறமாட்டேன் என்று சொன்னவள், தானியாவின் வர்ணப் பெட்டியை எடுத்து உங்கள் படத்தைப் பார்த்துக் கீறத் தொடங்கினேன். முதல் தரம் அவர் கால் வரவில்லை. இரண்டாம் தரம் தோள் பிழைத்தது. மூன்றாவது ஓரளவு சரி. சண்டை முடிந்தது என்று ரோட்டில் வெடி கொளுத்தின நாளில் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தத் தோளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் படத்தில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. எதிர்க்கரைத் துறையில், தில்லை மரத்துக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணும் ஒரு சின்னப்பிள்ளையும். நான் ஒரு நாளும் அந்தத் துறைக்குப் போனதில்லை, அக்கா. அவர் வந்து சைக்கிளை வேலியில் சாத்தும்வரை நான் அடுப்படியில்தான் இருப்பேன். ஒருவர் படத்தையும் பார்க்காமல் நான் கீறின முதல் ஆக்கள் அவர்கள்தான்.

உங்கள் கரையிலிருந்து பார்த்தால் நாங்கள் எவ்வளவு பெரிதாகத் தெரிவோம் என்று எனக்குத் தெரியாது. ஒரு பின்னேரம் துறைக்குப் போய், அந்தப் பக்கம் யாராவது நின்றால் பார்த்துவிட்டு, பருமன் சரியா என்று எழுதுங்கள். கூடிவிட்டது என்றால் சிறுப்பிக்கிறேன். அழிக்கமாட்டேன்.

அன்புடன்,
ஹேசல்